நடுவுல இருக்கிற சொல்லைப் பாருங்க

பேங்க் எக்ஸாமுக்குப் படிச்சவங்களுக்கு சிலாஜிசம்னு சொன்னா உடனே வட்டம் வட்டமா வரைஞ்சதுதான் ஞாபகம் வரும். அந்த வட்டங்களுக்குப் பின்னாடி இருக்கிற விதிகளைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

ரெண்டு கூற்று, அதுல இருந்து ஒரு முடிவு. அவ்வளவுதான் சிலாஜிசம். தமிழ்ல நியாயத்தொடை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுல அரிஸ்டாட்டில் இதை ஒழுங்குபடுத்தினார். எல்லா, எதுவும் இல்லை, சில, சில இல்லை. இந்த நாலு வகைக் கூற்றை மாத்தி மாத்திப் போட்டா மொத்தம் 256 வடிவம் வரும். அதுல செல்லுபடியாகிறது வெறும் 24.

மீதி எல்லாம் எங்க உடையுது? இதைப் பாருங்க.

மோசடிக் கணக்குகள் எல்லாமே நடுராத்திரியில பெரிய தொகை அனுப்பும். இந்தக் கணக்கும் நடுராத்திரியில பெரிய தொகை அனுப்பியிருக்கு. அதனால இது மோசடிக் கணக்கு.

கேட்கும்போது சரியாத்தான் தோணும். இப்ப சொற்களை மட்டும் மாத்துங்க. எல்லா நாயும் பாலூட்டி. எல்லாப் பூனையும் பாலூட்டி. அதனால எல்லாப் பூனையும் நாய்! வடிவம் அதேதான், ஆனா உடைஞ்சிடுச்சு.

காரணம் நடுப்பதம். ரெண்டு கூற்றுலயும் வந்து, முடிவுல காணாமப் போற சொல். அதுதான் பாலம். ஒரு கூற்றுலயாவது அது தன் கூட்டம் முழுசையும் குறிக்கணும். இங்க பாலூட்டிகள்ல ஒரு பகுதி நாய், இன்னொரு பகுதி பூனை. ரெண்டும் சந்திக்கவே இல்ல.

அடுத்த விதி. கூற்றுல ஒரு பகுதியைப் பத்தி மட்டும் பேசிட்டு, முடிவுல முழுசுக்கும் தாவக்கூடாது. எல்லா நாயும் பாலூட்டி, எந்தப் பூனையும் நாய் இல்ல, அதனால எந்தப் பூனையும் பாலூட்டி இல்லைன்னு சொல்ல முடியுமா?

மூணாவது, ரெண்டு கூற்றும் 'இல்ல'ன்னா முடிவே கிடையாது. எந்தப் பொமரேனியனும் பூனை இல்ல, எந்தப் பூனையும் நாய் இல்ல. இதை வச்சுப் பொமரேனியன் நாய் இல்லைன்னு சொன்னா அது நம்மளைக் கடிச்சிடும். ஒரே ஒரு கூற்று 'இல்ல'ன்னா, முடிவும் 'இல்ல'ன்னுதான் வரணும்.

கோட் எழுதுறவங்களுக்கு ஒரு போனஸ். ஜார்ஜ் பூலுக்கு அப்புறம் வந்த நவீன தர்க்கத்துல அந்த 24, 15 ஆகுது. ஏன்னா 'எல்லா'ன்னு சொன்னா அப்படி ஒண்ணாவது இருக்குன்னு அது எடுத்துக்கிறதில்ல. பைத்தான்ல காலி லிஸ்ட்டுக்கு ஆல் போட்டா ட்ரூ வருதுல்ல, அதே கதைதான்.

சரி, அந்த நடுராத்திரிக் கணக்குக்கு வருவோம். அது மோசடியாவும் இருக்கலாம். முடிவு பொய்னு விதி சொல்லல. இந்த ரெண்டு கூற்றை வச்சு அந்த முடிவுக்கு வர முடியாதுன்னுதான் சொல்லுது. சந்தேகப்படலாம், விசாரிக்கலாம். ஆனா அதை மட்டும் நம்பி கணக்கை முடக்கினா? அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்க்க ராத்திரி ரெண்டு மணிக்குப் பணம் கட்டுறவரும் மாட்டுவார். 'அந்த மாதிரி ஆளுங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க, நீயும் இப்படிப் பேசுற'ன்னு ஆரம்பிக்கிற சண்டையும் இதே வடிவம்தான்.

அடுத்த தடவை யாராவது அப்படிச் சொன்னா, சொற்களை மாத்தி நாய், பூனை போட்டுப் பாருங்க. நீங்க சொல்றப்பவும் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!