கெர்னல் கற்பது எப்படி?

(வாசகசாலைக் கூட்டமொன்றில் வாலிபர்களுக்குச் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம், திறந்தமூல இயங்குதளத்தின் கெர்னலை எழுதக் கற்க விரும்புகிறவன் எதைப் படிப்பது, எங்கே தேடுவது என்பதாகும். இது மேடை போட்டுப் பேசவேண்டிய சங்கதியா என்று சிலர் நினைக்கக்கூடும். சென்ற மாதம் இங்கு வந்திருந்த ஒரு வாலிபர் என்னைத் தனியே அழைத்து, "அதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு வருமா, ஐயா? அதற்கென்று தனி மூளை வேண்டாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இங்கே இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு வித்தைக்குத் தனி மூளை வேண்டும் என்று யார் சொன்னாலும், அப்படிச் சொல்லுவதால் யாருக்கு என்ன லாபம் என்றல்லவா நாம் முதலில் யோசிக்கவேண்டும்?

கெர்னல் என்பது என்ன? கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துத் திறந்துவிடுகிறாரே நீர்க்கட்டி, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் நூறு புரோகிராம்கள் ஓடுகின்றன. சிபியுவோ ஒன்று அல்லது நாலைந்து. நினைவகமும் ஓர் அளவுதான். யாருக்கு எவ்வளவு நேரம், யாருக்கு எந்த இடம், ஒருவன் பங்கில் மற்றவன் கை வைக்காமல் பார்ப்பது யார் என்ற இந்த வேலைகளைச் செய்யும் புரோகிராமுக்குத்தான் கெர்னல் என்று பெயர். இதுவும் மனிதன் எழுதியதே. மனிதன் எழுதியதை மற்றொரு மனிதன் படித்தால் விளங்காமல் போகுமா?

எனது சொந்த சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் பணம் கொடுத்தால்தான் படிப்பு வரும் என்று நம்பி, பட்டணத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கட்டிய பணம் கடன் வாங்கியது. உபாத்தியாயர் சுவரில் படங்களைக் காட்டிக்கொண்டே போவார். ஒரு நாள், "இந்த இடத்தில் இந்தப் பூட்டு எதற்காகப் போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். "அது அப்படித்தான், எழுதிக்கொள்" என்றார். எட்டு வாரம் கழித்து கையில் ஒரு சர்டிபிகேட் இருந்தது. கெர்னலில் ஒரே ஒரு வரியை மாற்றிப் பார்த்த அனுபவம்கூட இல்லை. "அது அப்படித்தான்" என்ற வார்த்தையை நான் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறேன்; காசு கொடுத்துக் கேட்டது அங்கேதான்.

இது நிற்க. இன்று இந்தப் படிப்பு திறந்து கிடப்பதைப் பார்த்து, எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1975-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையிலிருந்து யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி என்பவர்கள் அதை எழுதியவர்களில் முக்கியமானவர்கள். அதன் கெர்னல் சுமார் ஒன்பதாயிரம் வரிதான். ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் சர்வகலாசாலையில் ஜான் லயன்ஸ் என்ற ஓர் ஆசிரியர், அந்த மூலநிரலை மாணவர்களுக்குப் பாடமாக வைத்து, இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று விளக்கி 1977-ல் ஓர் உரை எழுதினார். மூலம் ஒரு புஸ்தகம், உரை ஒரு புஸ்தகம். அதுவரை கெர்னலைப் பற்றிப் பொதுப்படப் பேசிய புஸ்தகங்கள் உண்டு. நிஜமாக ஓடும் ஒரு கெர்னலை முழுவதும் முன்னே வைத்துக்கொண்டு மாணவனுக்குக் காட்டிய புஸ்தகம் அபூர்வம்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? 1979-ல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பில் பாடமாக வைக்கக்கூடாது என்று சொந்தக்காரராகிய ஏ.டி. அண்டு டி. கம்பெனியார் உரிமைப் பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். லயன்ஸ் உரையும் உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் என்றாயிற்று. படிக்கக்கூடாது என்று ஒன்றை மூடி வைத்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பல தேசத்து மாணவர்கள் அதைப் பிரதி எடுத்து, பிரதிக்குப் பிரதி எடுத்து, எழுத்து மங்கிப்போன தாளில் வைத்துப் படித்தார்கள். அச்சுப் புஸ்தகமாக எல்லோரும் கடையில் வாங்கும்படி அது வெளிவந்தது 1996-ல். பத்தொன்பது வருஷம்!

அந்த மூலநிரலில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு புரோகிராமை நிறுத்தி மற்றொன்றை ஓடவிடும் இடத்தில், இது உனக்குப் புரியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்பு எழுதியிருந்தது. அதைப் படித்த எத்தனையோ பேர், இது பெரியவர்கள் விஷயம், நமக்கு எட்டாது என்று பயந்து ஒதுங்கினார்கள். பின்னாளில் ரிச்சியே அதைப் பற்றி விளக்கம் எழுதினார். பரீட்சையில் இது வராது என்று ஆசிரியர் சொல்லுவதைப் போலத்தான் அதை எழுதினோம் என்றார். அதோடு, அங்கே நடப்பது அப்போது எங்களுக்கே சரியாக விளங்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். வேறு இயந்திரத்துக்கு யூனிக்ஸைக் கொண்டுபோகும்போது அந்த ஏற்பாடு சரிப்படாமல், அதை மாற்றவேண்டியும் வந்தது. எழுதியவருக்கே விளங்காததை, எழுதியவர் பெரியவர் என்பதற்காகப் படித்தவர்கள் பயபக்தியோடு கும்பிட்டிருக்கிறார்கள், பாருங்கள். ஆனால் "எங்களுக்கும் தெரியவில்லை" என்று சொன்னாரே, அந்த யோக்கியதையை நான் பாராட்டுகிறேன்.

வகுப்பில் யூனிக்ஸைச் சொல்லிக்கொடுக்கத் தடை வந்தபடியால், ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் கம்பெனியின் வரி ஒன்றையும் எடுக்காமல் மினிக்ஸ் என்று புதிதாக ஒன்றை எழுதி, 1987-ல் அதன் மூலத்தையும் பாடத்தையும் ஒரே புஸ்தகத்தில் வெளியிட்டார். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அந்தப் புஸ்தகத்தைப் படித்தார். மினிக்ஸை வாங்கித் தன் இயந்திரத்தில் ஓட்டினார். 1991-ல் தாமே ஒரு கெர்னலை எழுதி வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். முதலில் சுமார் பத்தாயிரம் வரி. 1992 முதல் யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமையோடு பிறருக்குக் கொடுக்கலாம் என்ற ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வந்தது. 2025-ல் அது நான்கு கோடி வரியைத் தொட்டது.

இந்த நான்கு கோடி என்ற எண்ணில்தான் நம் வாலிபர்கள் மூழ்கிப்போகிறார்கள். முதல் நாளே லினக்ஸின் மூலத்தை இறக்கி, முதல் கோப்பிலிருந்து படிக்க ஆரம்பித்து, நாலாம் நாள் "தனி மூளை வேண்டும்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த நான்கு கோடியில் பாதிக்கு மேல், ஆயிரக்கணக்கான விதச் சாதனங்களை ஓட்டும் டிரைவர்கள். உங்கள் இயந்திரத்தில் இல்லாத சாதனத்தின் டிரைவரை நீங்கள் ஏன் படிக்கவேண்டும்?

ஆதலால் சிறியதில் தொடங்குங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் லயன்ஸ் உரையை வைத்தே சில வருஷம் பாடம் நடத்தினார்கள். பழைய இயந்திரம் மாணவர்களுக்கு அன்னியமாக இருந்ததால், 2006-ல் அந்த ஆறாம் பதிப்பையே மாதிரியாக வைத்து எக்ஸ்வி6 என்று புதிதாக எழுதினார்கள். ரஸ் காக்ஸ், பிரான்ஸ் காஷூக், ராபர்ட் மாரிஸ் ஆகிய மூவர் எழுதிய சிறு புஸ்தகம் அதற்கு உண்டு. மூலம் பத்தாயிரம் வரிக்குள். மூலம், புஸ்தகம், மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிக் கணக்குகள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பாடமாக வைக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டதின் வாரிசு, இன்று எந்த ஊர்ப் பையனும் எடுத்துக்கொள்ளும்படி தெருவில் கிடக்கிறது. அடிப்படைக் கருத்துகளுக்கு விஸ்கான்சின் சர்வகலாசாலையின் அர்பாசி-துசோ தம்பதிகள் எழுதிய "ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்" என்ற புஸ்தகமும் அப்படியே இலவசம். இவற்றுக்கு முன் சி மொழி தெரியவேண்டும். அதிலும் பாயிண்டர் தெரியாமல் ஒரு பக்கமும் தாண்ட முடியாது. 2022 டிசம்பர் முதல் ரஸ்ட் மொழிக்கும் லினக்ஸில் இடம் உண்டு. ஆனாலும் இருக்கும் நிரலில் மிகப் பெரும்பகுதி சி-தான்.

இயந்திரம் கெட்டுவிடுமே என்று பயப்படவேண்டாம். பிரான்சு தேசத்து ஃபேப்ரிஸ் பெல்லார் ஆரம்பித்த க்யூஎமு என்ற புரோகிராம், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கிக் கொடுக்கிறது. அதற்குள் கெர்னல் செத்தால் உங்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆகவே வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்! எக்ஸ்வி6-ஐ ஒரே சிபியுவில் ஓடவிட்டு, கடிகாரம் அடித்ததும் ஓடுகிற புரோகிராமை விலகச் சொல்லும் வரிகளை எடுத்துவிடுங்கள். பிறகு முடிவில்லாமல் சுற்றும் ஒரு சிறு புரோகிராமை ஓடவிட்டு, வேறு ஏதாவது கட்டளை கொடுங்கள். ஒன்றும் அசையாது. நீர்க்கட்டி தூங்கிப்போனார், முதல் வயல்காரன் தண்ணீரை முழுவதும் எடுத்துக்கொண்டான். இதைக் கண்ணால் கண்டவனுக்கு நான் சொல்லி விளங்கவைக்க ஒன்றும் பாக்கியில்லை. எனக்கு அந்தப் பயிற்சி நிலையத்தில் கிடைக்காத பதிலும் இப்படித்தான் கிடைத்தது. பூட்டை எடுத்துவிட்டு, இரண்டு சிபியுவில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே பட்டியலில் ஒரே சமயத்தில் கை வைத்து, ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்தது. ஒரு மாலை நேர வேலை. அதற்கு எட்டு வாரமும் கடனும்!

இனி லினக்ஸுக்கு வருவோம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்" என்ற நல்ல புஸ்தகத்தின் மூன்றாம் பதிப்பு 2005-ல் வந்தது, இலவசமாகவே படிக்கலாம். ராபர்ட் லவ் எழுதிய கெர்னல் புஸ்தகத்தின் மூன்றாம் பதிப்பு 2010. கெர்னலோ ஒன்பது பத்து வாரத்துக்கொரு முறை புதிதாக வெளிவருகிறது. அதன் உள்வேலை உறுப்புகளை மாற்றாமல் வைத்திருப்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்டரப்ட் வரும்போது ஓடும் பங்ஷனுக்கு 2005 புஸ்தகத்தில் மூன்று மதிப்புகள் வரும். 2006 முதல் இரண்டுதான். புஸ்தகத்தில் உள்ளபடி எழுதினால் கம்பைலர் கத்தும். பையன் தன் மேல்தான் பிழை என்று எண்ணிக்கொள்ளுகிறான். பிழை அவனுடையதல்ல, வருஷத்தினுடையது. கருத்தைப் புஸ்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெயரையும் உருவத்தையும் இன்றைய மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தோடு கூடவே "டாக்குமென்டேஷன்" என்ற அடைவு வருகிறது. புது மாறுதல்களை விளக்க எல்.டபிள்யூ.என். என்ற வாரப் பத்திரிகை 1998 முதல் நடந்துவருகிறது. சந்தா கட்டாதவர்களுக்கும் சிறிது நாள் கழித்துத் திறந்துவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது வேறு ஒன்று. கெர்னலில் 2005 முதல் செய்த ஒவ்வொரு மாறுதலும், செய்தவர் பெயர், தேதி, ஏன் செய்தேன் என்ற காரணம் ஆகியவற்றோடு கிட் என்ற கணக்குப் புஸ்தகத்தில் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாறுதல்கள்! ஒரு வரி புரியவில்லையா? அந்த வரியை யார், எப்போது, எதற்காக வைத்தார் என்று கேட்டால் அது பதில் சொல்லும். "முன்னோர் வைத்தார்கள், அப்படியே இருக்கட்டும்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. காரணம் சொல்லாத மாறுதலைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நீங்களும் மாறுதல் அனுப்பலாம். நிரலின் நடையைச் சோதிக்க ஒரு கருவி, யாருக்கு அனுப்புவது என்று சொல்ல ஒரு கருவி, இரண்டும் மூலத்திலேயே இருக்கின்றன. சாதாரண மின்னஞ்சலில், உங்கள் பெயரில் கையொப்ப வரி வைத்து அனுப்பவேண்டும். எழுத்துப் பிழை திருத்துவது முதல் தடவைக்கு நல்லது. அதையே தொழிலாக வைத்துக்கொண்டால் ஒன்றும் கற்க முடியாது. பதில் பகிரங்கமாக வரும், சில சமயம் காரமாகவும் வரும். முன்பெல்லாம் ஆளையே வைதுகொண்டிருந்தார்கள். 2018-ல் டோர்வால்ட்ஸ் தமது பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டார், நடத்தை விதியும் ஏற்பட்டது. உங்கள் நிரலைக் குறை சொன்னால் பொறுத்துக்கொண்டு திருத்துங்கள். உங்களைக் குறை சொன்னால் பொறுக்கவேண்டியதில்லை.

இங்கிலீஷ் தடையாக இருக்கிறதே என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. எக்ஸ்வி6 புஸ்தகம் இங்கிலீஷில்தான் இருக்கிறது. டீக்கடையில் ஒருவர் பத்திரிகையைப் படிக்கப் பத்துப் பேர் கேட்டதில்லையா? அதுபோல ஒருவர் படித்துத் தமிழில் சொல்லட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். சொல்லுகிறவருக்கு விளங்கவில்லை என்றால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

இந்த வாசகசாலையில் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டு இருக்கின்றன. எக்ஸ்வி6-க்கு அவை தாராளமாகப் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுகிறோம். பாயிண்டர் தெரியாதவர்கள் எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். அவர்களுக்காக நான் முன்னதாக வந்திருப்பேன்.