மூக்கன் துரை கட்டிய அணை
(தோவாளைச் சொற்பொழிவு)



கட்டடம் கட்டினவர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். கோபுரம் கட்டினவர்களைப் புகழ ஆட்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆகையால் நான் உங்கள் வயலுக்குத் தண்ணீர் தேக்கிக் கொடுத்தவரைப் பற்றிப் பேசுகிறேன்.

கோதையாறு இயற்கையில் எங்கே போகிற ஆறு? மேற்கே குழித்துறை வழியாய்த் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிற ஆறு. தோவாளையோ கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அருகில் இருக்கின்றது. மேற்கே ஓட வேண்டிய தண்ணீர் கிழக்கே உங்கள் நெல்லுக்கும் பிச்சிப் பூவுக்கும் எப்படி வந்தது? யாதொரு சாமியாவது வந்து திருப்பிற்றா? மலையடிவாரத்தில் மட்டம் பார்த்து, சரிவு கணக்கிட்டு, சானல் வெட்டி மனிதன் திருப்பினான்.

அந்தத் தண்ணீரைத் தேக்கவே பேச்சிப்பாறை அணை 1897 முதல் 1906 வரை, மூலம் திருநாள் மன்னர் காலத்தில் கட்டப்பட்டது. கட்டிய இஞ்சினீயர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரர். நம் ஜனங்கள் அவருக்கு 'மூக்கன் துரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். (துரைக்கு அர்த்தம் தெரிந்ததோ என்னவோ!) அவர் 1913-ல் இறந்து, அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அணை நிற்க வேண்டுமானால் பலி கொடுக்க வேண்டும் என்று பேசுவது நம் நாட்டில் பழைய வழக்கம். கணக்கைக் கேளுங்கள். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி. அவ்வளவு ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் தண்ணீர் சுமார் 3,000 ராத்தல் பலத்தோடு தள்ளுகின்றது. மேலே வர வர அந்தத் தள்ளல் குறைகின்றது. ஆகவேதான் சுவர் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கின்றது. தன் கனத்தினால் நிற்கின்ற சுவருக்கு ஆட்டு ரத்தம் எதற்கு? பேச்சிப்பாறைக்கு உல்லாசமாய்ப் போகிற நீங்கள் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியதுண்டா?

துரையின் சமாதியில் தேங்காய் உடைக்கும்படி நான் சொல்லவில்லை. அப்படி ஆரம்பித்தால் அடுத்த வருஷம் அங்கே ஒரு பூசாரியும் உண்டியலும் வந்துவிடும்!

துரைக்காவது ஒரு கல்லறை இருக்கின்றது. ஒன்பது வருஷம் கல்லும் சுண்ணாம்பும் சுமந்த கூலியாட்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். உங்கள் பாட்டன் பாட்டிமார் எவராவது அந்த வேலைக்குப் போனதாக வீட்டில் கேள்வியிருந்தால், கூட்டம் கலைவதற்கு முன் அந்தப் பெயரை இந்த மேஜையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.