வயரை வெட்டுவதற்கு முன்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தீர்களே, ஏதாவது பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது நயாகராவைப் பற்றிப் பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது ஒரு பழைய வண்டியின் 'டிங் டிங்' சத்தத்தைப் பற்றி. நம் பேஸ்மென்ட்டிலும் பத்து வயதைத் தாண்டிய கார்கள் நிறைய நிற்கின்றன. அதனால் உங்களுக்கும் பயன்படும்.

என் மகளும் மாப்பிள்ளையும் டெக்சாஸில் இருக்கிறார்கள். அங்கே பிக்கப் என்றால் சரக்கு வண்டி மட்டுமல்ல. முன்னால் ஆட்கள் உட்கார, பின்னால் திறந்த பெட்டி. கடைக்கும் பள்ளிக்கும்கூட அதில்தான் போகிறார்கள். மாப்பிள்ளை தோட்ட வேலைக்காக 2004-ம் ஆண்டு மாடல் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நினைத்தபோதெல்லாம் மணி அடிக்கும். டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது.

"அந்த ஸ்பீக்கர் வயரை வெட்டிவிடு, நிம்மதி" என்று அவருடைய நண்பர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையும் ஏறக்குறைய தயாராகிவிட்டார். "மாமா, பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார். என் பேத்தி பள்ளிக்குப் போவது அந்த வண்டியில். எனக்குப் பத்து நாள் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

நான் மெக்கானிக் இல்லை, பி.காம். படித்த வங்கி குமாஸ்தா. ஆனால் டேலி ஆகாத கணக்கை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவன். அரையாண்டுக் கணக்கு முடிக்கும்போது வித்தியாசம் வந்தால் முதலில் அந்தத் தொகையைத்தான் பார்ப்போம். 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ எண் இடம் மாறியிருக்கலாம். 1,340 என்பதை 1,430 என்று எழுதினால் வித்தியாசம் 90. இரண்டால் வகுபட்டால், பாதித் தொகையைப் பற்றுக்குப் பதில் வரவில் போட்டிருக்கிறோமா என்று தேடுவோம். எங்கே தேட வேண்டும் என்பதை வித்தியாசமே காட்டிக்கொடுக்கும். வண்டியின் மணியும் அந்த வகைதான். அது எப்போது அடிக்கிறது, எத்தனை முறை அடிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் மணி ஒன்றுதான், அதை அடிக்கச் சொல்பவர்கள் பல பேர். கதவு, சாவி, ஹெட்லைட், சீட் பெல்ட், ஹேண்ட் பிரேக், பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில் அழுத்தம், சூடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் அல்லது சென்சார். வயரை வெட்டினால் தொந்தரவு கொடுக்கிற ஒருவர் மட்டும் வாயை மூடுவதில்லை, எல்லோருடைய வாயும் அடைபடும். 2000-க்குப் பிறகு வந்த சில அமெரிக்க பிக்கப்களில் இந்த மணிச் சத்தமே ரேடியோ வழியாகத்தான் வரும். பாட்டு நன்றாகக் கேட்கட்டும் என்று வெளியே வேறு ரேடியோ வாங்கி மாட்டியவர்கள், எச்சரிக்கை மணியைத் தங்களுக்குத் தெரியாமலேயே இழந்திருக்கிறார்கள்.

ஒரு நோட்டு வாங்கி வண்டியில் வைத்தேன். தேதி, வேகம், சாலை எப்படி, எந்தப் பக்கம் திரும்பினோம், பிரேக் மிதித்தோமா, சாவி எங்கே, எத்தனை முறை அடித்தது என்று கட்டம் போட்டேன். மாப்பிள்ளை ஓட்டுவார், நான் எழுதுவேன். பேத்திக்கு இது விளையாட்டாகிவிட்டது. பின்சீட்டிலிருந்து எண்ணிச் சொல்லுவாள். பத்து நாளில் பதிவுகள் தாமாகவே மூன்று கூட்டமாகப் பிரிந்துவிட்டன.

முதல் கூட்டம்: சாவி கையில் இருக்கும், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் மணி. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினால் ஒலி எழுப்ப வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம், திருட்டைத் தடுக்க. ஹெட்லைட்டை அணைக்க மறந்தாலும் இதே மாதிரி அடிக்கும். ஹெட்லைட் அணைந்துதான் இருந்தது. அப்படியானால் சாவித் துவாரத்துக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் 'சாவி உள்ளே இருக்கிறது' என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. இருபது வருடத் தூசி. சாவியைப் போட்டு நாலைந்து முறை ஆட்டி எடுத்ததும் நின்றது. இதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

இரண்டாவது கூட்டம் மேடுபள்ளமான சாலையில் மட்டும். மணி அடிக்கும்போது உள்விளக்கும் ஒரு நொடி மினுக்கியதைப் பேத்திதான் கவனித்தாள். உள்விளக்கும் மணியும் சேர்ந்து வந்தால் கதவைச் சந்தேகப்படுங்கள். நிறுத்திய வண்டியில் ஒவ்வொரு கதவையும் திறந்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிப் பார்த்தால் எந்தக் கதவின் சுவிட்ச் மக்கர் செய்கிறது என்பது தெரிந்துவிடும். பிறகு கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும், இதை மறக்காதீர்கள். எங்கள் வண்டியில் குற்றவாளி பின்பக்கத்து அரைக்கதவு. பூட்டைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டதும் சரியானது.

மூன்றாவது கூட்டம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. பிரேக் மிதித்தபடி இடப்பக்கம் திரும்பும்போது ஒரே ஒரு முறை 'டிங்'. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் சில சமயம். கதவும் இல்லை, சாவியும் இல்லை. சீட் பெல்ட்டாக இருக்குமோ என்றார் மாப்பிள்ளை. அந்த மணிக்கும் ஒரு கதை உண்டு. பெல்ட் போடாவிட்டால் வண்டியே கிளம்பாது என்ற ஏற்பாட்டை 1974 மாடல் கார்களில் கொண்டுவந்தார்கள். மக்கள் கொதித்துப்போக, அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. பெல்ட்டுக்காக அரசு கட்டாயப்படுத்தும் ஒலியும் 8 நொடிக்கு மேல் போகக்கூடாது என்றது. ஆகவே சட்டப்படியான பெல்ட் மணி சாவியைத் திருப்பியதும் 4 முதல் 8 நொடி அடித்து ஓயும். வளைவில் ஒரே ஒரு 'டிங்' அதன் பழக்கம் இல்லை.

வண்டி வளையும்போது ஆடுவது எது? திரவம். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தோம். குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே. நேராகப் போகும்போது உள்ளே இருக்கும் மிதவை எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியதும் கீழே இறங்கி மணி அடித்திருக்கிறது. சரி, பிரேக்குக்குச் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டுமே? சாவியை 'ஆன்' நிலையில் வைத்து பார்க்கிங் பிரேக்கைப் போட்டுப் பார்த்தோம். எரியவில்லை. பல்பு போயிருந்தது. எஞ்சினைக் கிளப்பும் முன் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் சில நொடி எரிவது அலங்காரத்துக்கு அல்ல. அந்தச் சமயத்தில் எரியாத விளக்கு, ஆபத்து வரும்போதும் எரியாது.

பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. பிரேக் பேட் தேயத் தேயக் கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மேலே ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. வண்டியை ஓட்டாமல் டோ வண்டி வைத்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினோம். பின்சக்கர டிரம்முக்குள் வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் லைனிங் முழுக்க நனைந்திருந்தது. மெக்கானிக் கழற்றிக் காட்டியதும் மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. "வயரை வெட்டியிருந்தால்..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. என் மகளிடம் அன்று இரவுதான் சொன்னோம். அவள் எங்கள் இருவரையும் கவனித்த விதத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

இனி நம் வண்டிகள். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் புதுக் கார்களுக்கு சீட் பெல்ட் மணியும் வேக மணியும் கட்டாயம். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒரு முறை, 120-ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். "நெடுஞ்சாலையில் போனால் மட்டும் கார் கத்துகிறது" என்று புகார் சொன்ன நம் குடியிருப்பு நண்பருக்கு இதுதான் பதில். பக்கத்து சீட்டில் காய்கறிப் பையை வைத்ததும் மணி அடித்தால் அதுவும் கோளாறு அல்ல. பையின் எடையை ஆள் என்று கார் நினைத்துக்கொள்கிறது. பையைக் கீழே வையுங்கள். பெல்ட் பூட்டுக்குள் பிஸ்கட் தூளோ சில்லறையோ விழுந்திருந்தாலும் பெல்ட் போட்ட பிறகு அடிக்கும்.

பெல்ட் மணியை ஏமாற்றச் சின்ன கிளிப் விற்கிறார்கள். பெல்ட் போடாமலே அதைச் செருகிவிட்டால் கார் சும்மா இருக்கும். இவற்றை விற்ற ஆன்லைன் தளங்களை, பட்டியலிலிருந்தே நீக்கும்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் உத்தரவிட்டது. யார் காரிலாவது இருந்தால் இன்றைக்கே பிடுங்கிப் போடுங்கள். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

பேட்டரியையும் ஒரு பார்வை பாருங்கள். சார்ஜ் குறைந்த பேட்டரி இருக்கும் காரில் சம்பந்தமில்லாத மணியும் விளக்கும் ஒன்றாகக் கிளம்பும். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான பழைய வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரை காட்டும். எஞ்சின் ஆயில் விளக்கோடு மணி அடித்தால் மட்டும் நோட்டு, பேனா எதுவும் வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் பேஸ்மென்ட்டில் இருப்பேன், வேண்டியவர்கள் வரலாம். வரும்போது மணி எப்போதெல்லாம் அடித்தது என்று ஒரு வாரம் எழுதிய தாளைக் கொண்டுவாருங்கள்.