கம்ப்யூட்டரை விற்பவர்களாக மட்டும் இருந்துவிடலாமா?

(இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிராஸஸருக்கு எவ்வளவு விலை! மணலில் கிடைக்கும் சிலிக்கனுக்கா இந்த விலை? இல்லை. அதற்குள் அடங்கியிருக்கும் மூளை உழைப்புக்கும், அதைப் பிசகில்லாமல் செய்யும் ஆலைக்கும்தான் விலை. அந்த விலையும் வாரண்டியும் நமக்கு மனப்பாடம். உள்ளே நடப்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"என் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான்" என்கிறோம். அதை இயக்கப் படிப்பது வேறு. வடிவமைக்கப் படிப்பது வேறு. பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் என்று கற்பிப்பது இந்த இரண்டாவதைத்தான்.

புரியாத வித்தை என்று அஞ்ச வேண்டாம். கடைக்காரருக்கு இது எளிதில் விளங்கும். முன் அலமாரியில் உள்ள சரக்கை எடுக்க 1 நிமிடம். கிடங்கிலிருந்து கொண்டுவர 20 நிமிடம். நூறு பேர் கேட்டதில் 95 சரக்கு அலமாரியிலும் 5 கிடங்கிலும் இருந்தால், மொத்தம் 195 நிமிடம். அலமாரியில் 99 கிடைத்தால் 119 நிமிடம்தான்! கடை பெரிதாகவில்லை, ஆள் கூடவில்லை. எதை முன்னால் வைப்பது என்ற கணக்கு மட்டுமே மாறியது. பிராஸஸரில் அந்த அலமாரிக்கு 'கேஷ்' என்று பெயர். ஊகிக்காமல் இப்படி அளந்து முடிவெடுப்பதே இந்தப் படிப்பு.

இதைச் செய்து காட்டியவர்கள் மாணவர்களே! 1978-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லின் கான்வே என்ற பெண்மணி சிப் வடிவமைப்பு வகுப்பு நடத்தினார். தனித்தனியே ஆலைக்கு அனுப்பினால் செலவு தாங்காது. பல வணிகர்கள் சேர்ந்து ஒரே கன்டெய்னரில் சரக்கு ஏற்றுவதைப்போல, மாணவர்களின் வடிவங்களை ஒன்றாகச் சேர்த்து ஹெவ்லெட்-பேக்கர்ட் ஆலையில் செய்து வாங்கினார். அடுத்து 1980-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சனின் மாணவர்கள் சுமார் 44,000 டிரான்சிஸ்டர்களில் 'ரிஸ்க்-1' பிராஸஸரை வடிவமைக்கத் தொடங்கினர். அந்த வழியில் உழைத்த பேட்டர்சனும் ஸ்டான்ஃபோர்டின் ஜான் ஹென்னஸியும் 2017ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றார்கள்.

அமெரிக்காவில்தானே என்கிறீர்களா? 2010-ல் அதே பெர்க்லியில் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' கட்டளைத் தொகுதியை யாரும் உரிமத் தொகை கட்டாமல் பயன்படுத்தலாம். அதை வைத்துச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 'சக்தி' பிராஸஸர் உருவானது. 2018-ல் அதன் ஒரு சிப் இன்டெல்லின் அமெரிக்க ஆலையிலும், மற்றொன்று நம் நாட்டிலேயே சண்டிகரை அடுத்த மொஹாலி ஆலையிலும் செய்யப்பட்டன.

பாதை எளிதென்று சொல்லமாட்டேன். மென்பொருளில் தவறு வந்தால் நாளையே திருத்தலாம். சிப்பாக வார்த்த பிறகு முடியாது. இன்டெல் பென்டியத்தில் வகுத்தல் கணக்குக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தது 1994-ல் தெரியவந்தது. அதற்காக அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர்! எனவே இந்தத் துறைக்குப் பொறுமை வேண்டும், கணிதம் வேண்டும், சரிபார்த்ததையே மீண்டும் சரிபார்க்கும் குணம் வேண்டும்.

மாணவர்களே! மேல்நிலையில் கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடாதீர்கள். கல்லூரியில் மின்னணுவியலோ கம்ப்யூட்டர் பொறியியலோ எடுங்கள். டிஜிட்டல் லாஜிக், அசெம்ப்ளி மொழி, வெரிலாக் ஆகிய மூன்றையும் கையால் செய்து பழகுங்கள். மேற்படிப்புக்கான கேட் தேர்வில் இப்பாடத்திலிருந்து கேள்விகள் வருகின்றன.

பெற்றோர்களே! கல்லூரியில் கட்டடத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். "மாணவர் தாமே சிறு பிராஸஸர் ஒன்றை வடிவமைத்து எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் ஓட்டிப் பார்க்க ஆய்வகம் உண்டா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். இதை மகளுக்காகவும் கேளுங்கள்.

வணிகர்களே! கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்போடு கல்லாவில் உட்கார வைப்பது லாபம்போலத் தோன்றும். நான்காண்டுக் கட்டணத்தை ஒருபுறமும், அவன் வாழ்நாள் முழுவதும் பிறர் வடிவமைத்ததை வாங்கி விற்பதை மறுபுறமும் எழுதிப் பாருங்கள். வாப்பாவின் கடையில் மகன் விற்பது பெருமைதான். மகன் வடிவமைத்ததை வாப்பா விற்கும் நாள் அதைவிடப் பெருமையல்லவா? அந்த நாளுக்கு இந்த ஆண்டே முதலீடு செய்யுங்கள்!