பரண்மீது பதுங்கிய பகை



காரசாரமாக ஏதேனும் பேசுவான், கைதட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறீர்கள். இன்று நான் பேசப்போவது கோட்டையைப் பற்றியல்ல, கொலுமண்டபத்தைப் பற்றியுமல்ல. உங்கள் வீட்டுப் பரணைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தடையில்லை, பரண்மீது என்ன கிடக்கிறதென்று எண்ணிப் பார்த்துக்கொண்டே சிரியுங்கள்.

நான் எழுதும் நாடகங்களில் நஞ்சுக் குப்பி மூன்றாம் காட்சியில் வரும். கொடியவன் அதை மடியிலிருந்து எடுப்பான், ஆர்மோனியம் அலறும், விளக்குச் சிவக்கும், கொட்டகையே மூச்சடக்கிப் பார்த்திருக்கும். உங்கள் வீட்டு நஞ்சுக்கு அந்த ஆரவாரம் கிடையாது. கழிப்பறை மூலையிலே அமிலப் புட்டியாக நிற்கும். கதவுக்குப் பின்னே எரிந்து ஓய்ந்த குழல்விளக்காகச் சாய்ந்திருக்கும். இழுப்பறையிலே செத்த பாட்டரியாக உருளும். பாட்டி விட்டுச்சென்ற மருந்துப் பெட்டியிலே காலாவதியான மாத்திரையாகக் கண்மூடிக் கிடக்கும். இசையுமில்லை, எச்சரிக்கையுமில்லை.

அந்தக் குழல்விளக்கின் உள்ளே இருப்பது சில மில்லிகிராம் பாதரசம். கடுகளவுகூட இல்லையே என்கிறாயா, தோழா? விளக்கு உடைந்தால் அந்தக் கடுகு ஆவியாகும். குனிந்து கூட்டுகிறவரின் மூச்சிலே ஏறும். கோடைக்கானலை நினைத்துப் பார். அங்கே வெப்பமானி செய்யும் ஆலை ஒன்று இருந்தது. யூனிலீவர் குழுமத்தின் இந்திய நிறுவனத்துக்கு உரியது. பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் முஞ்சிக்கல் காயலான் கடையிலே மூட்டையாகக் கிடந்ததை 2001 மார்ச்சில் மக்கள் வெளிக்கொணர்ந்தார்கள், ஆலை மூடப்பட்டது, 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிற்று. அங்கே சுட்டிக்காட்ட ஓர் ஆலை இருந்தது, திருப்பி அனுப்ப ஒரு முகவரி இருந்தது, விடாமல் கேட்கும் மக்களும் இருந்தார்கள். உன் வீட்டு விளக்கை எந்த முகவரிக்குத் திருப்புவாய்?

எங்கள் தெருவிலே குப்பை வண்டி தள்ளும் அம்மையார் ஒருவர் உண்டு. ஈராண்டுக்கு முன், யார் வீட்டுப் பையிலிருந்தோ ஓர் ஊசி அவர் விரலைத் துளைத்தது. துளி இரத்தம், துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். பிறகல்லவா தொடங்கிற்று வேதனை! ஆறு மாதம், மருத்துவமனையும் பரிசோதனையுமாக அலைந்தார். நோய் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது; வரும்வரையில் தன் பேரக்குழந்தையைத் தூக்க அஞ்சினேன் என்று அவர் என்னிடம் சொன்னபோது, மேடையிலே மணிக்கணக்கில் முழங்கும் எனக்கு வாய் திறக்க முடியவில்லை. ஊசியைப் போட்டவர் பெரும்பாலும் ஒரு சர்க்கரை நோயாளியாகத்தான் இருப்பார். அவரை வசைபாடிப் பயனென்ன? வேறு எங்கே போடுவது என்று எவர் அவருக்குச் சொன்னார்?

சட்டம் சொல்லிற்று! 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பெயின்ட் டப்பா, பூச்சிமருந்துக் கலன், குழல்விளக்கு, காலாவதி மருந்து, பாட்டரி, ஊசி என்று வரிசையாகவே சொல்லி, இவற்றைப் பெற்றுக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் உள்ளாட்சிகள் அமைக்கவேண்டும் என்று விதித்தன. உன் வீட்டுக்கு அருகே அந்த மையம் எங்கே? தெரிந்தவர் கையை உயர்த்துங்கள் என்று சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் கேட்டேன். ஒரு கை உயர்ந்தது. அவரும் தண்ணீர் கேட்டவராம்.

ஆகவேதான் சேகரிப்பு நாள் என்கிறேன். வட்டத்துக்கு ஒரு நாள், குறித்த இடம், குறித்த நேரம். வீடுதோறும் சொல்லி, வரும் பொருளை வகை பிரித்து, உரியவர் கையில் ஒப்படைப்பது. எளிது என்று நாங்களும் எண்ணினோம், பட்டது போதும். முதல் முறை துண்டறிக்கை அடித்தோம், ஒலிபெருக்கி வைத்தோம், பொருளும் வந்து குவிந்தது. மாலையிலே வண்டி வரவில்லை. ஒப்படைக்கும் ஏற்பாட்டை எவரும் எழுத்தில் உறுதி செய்யவில்லை; குற்றம் எங்களுடையது. இரண்டு சாக்கு விளக்குகளும் ஒரு பெட்டி பாட்டரியும் எட்டு மாதம் எங்கள் படிப்பகத்து மூலையில் இருந்தன. பிள்ளைகள் வந்து படிக்கும் இடம்! தெருவிலே பரவிக் கிடந்த நஞ்சைத் திரட்டி ஒரே கூரையின்கீழ்க் குடிவைத்த கெட்டிக்காரர்கள் நாங்கள். ஆதலால் முதலில் வண்டி, பிறகு துண்டறிக்கை. பெறுகிறவர் உரிமம் பெற்றவரா என்று கேட்டு, அவர் கையொப்பம் வாங்கிய பிறகே நாள் குறியுங்கள்.

சிற்றூர்த் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். பூச்சிமருந்துப் புட்டி உறுதியானது, மூடி நன்றாகப் பொருந்தும் என்று கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் உண்டு. 2013 ஜூலையில் பிகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளியிலே மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமைத்த எண்ணெயிலே மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. பசியோடு தட்டேந்தி உட்கார்ந்த பிள்ளைகள், தோழா!

வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியவை சில. பொருளை அதன் சொந்தக் கலத்திலேயே கொண்டுவரட்டும். ஒன்றை மற்றொன்றில் ஊற்ற வேண்டாம். கழிப்பறை அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் எழுவது குளோரின் வாயு. ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் மூடித் தரட்டும். பாட்டரியின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டட்டும். லித்தியம் பாட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். மேசைக்கு இப்பால் நிற்கும் நம் தோழர்கள் கையுறையின்றி எதையும் தொடக்கூடாது. வீரம் காட்ட வேறு களங்கள் உண்டு.

நாள் எது? போகிக்கு முந்திய ஞாயிறு என்பது என் யோசனை. வீட்டைக் கழிக்கும் பருவம் அது. பரண் தானாகவே இறங்கும். டயரும் பிளாஸ்டிக்கும் தீயிலே விழுந்து, 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களையே தாமதப்படுத்தியதே, அந்தத் தீயை முந்திக்கொண்டு நாம் போய்விடலாம்.

மனு எழுதத் தெரியாத கிளை நம்மிடம் ஒன்றுமில்லை. நாளைக் காலையே உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதுங்கள்: வண்டி எப்போது, பொருள் எங்கே போகும், பொறுப்பு யார். நகல் எடுத்து, அதில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் மனுவுக்கு நகல் எடுக்காமல் மூன்று மாதம் இழந்தோம்.