பக்கத்து இலை



மத்தியானம் ஆலய அசன விருந்துப் பந்தியில் என் பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன். எல்லாருக்கும் ஒரே அண்டாச் சோறு, ஒரே குழம்பு. அவன் கை வைக்கவில்லை. அடுத்த இலையில் ஒரு கறித்துண்டு கூடுதலாக விழுந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் இலையில் குழம்பு ஆறிப்போச்சு!

அந்தப் பார்வையை யார் பழக்கினது? நாம்தான்! "பெரியப்பா மகன் எத்தனை மார்க்?" என்று கேட்டுக் கேட்டுப் பழக்கினோம்.

இயேசுவின் சீடன் பேதுருவே இந்தப் பார்வைக்குத் தப்பவில்லை ஐயா! திபேரியாக் கடற்கரை. கரிநெருப்பில் மீன். ஆண்டவர் தம் கையால் பரிமாறுகிறார். மூன்று தரம் மறுதலித்தவனிடம் மூன்று தரம் அன்பைக் கேட்டு, மந்தையையே ஒப்படைக்கிறார். இதற்குமேல் என்ன வேண்டும்? அடுத்த நிமிஷம் அவன் திரும்பி யோவானைப் பார்க்கிறான்! இவனுக்கு என்ன ஆகும் என்று விசாரிக்கிறான். ஆண்டவர் சொன்னாரா? சொல்லவில்லை! அது உன் கவலை இல்லை, நீ என் பின்னே வா என்று அவன் முகத்தைத் தம் பக்கமே திருப்பிக்கொண்டார். இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் ஊர் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை. அவரிடம் வருகிறேன்.

இப்படிப் பார்த்தவர்தான் நம்ம டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவும்! அயர்லாந்தில் சின்னப் பிள்ளையாக இருக்கையில், தாயைப் போல நீலக்கண் வேண்டுமென்று ஜெபித்துவிட்டுப் படுத்தார். விடிந்து கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக்கண். 1895-இல் இந்தியா வந்தார். சேலை உடுத்தி, தோலில் சாயம் பூசி, ஆபத்தில் இருந்த பெண் குழந்தைகளைத் தேடிப் போனார். நீலக்கண் இருந்திருந்தால் போன இடத்து வாசலிலேயே பிடிபட்டிருப்பார்! 1931-இல் தவறி விழுந்தவர், 1951-இல் கண்மூடும்வரை இருபது வருஷம் படுக்கைதான். படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் வைத்தது பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி.

கல் என்றதும் என் வயிறு எரிகிறது. பேர் சொல்லமாட்டேன், கேட்கவேண்டியவர்களுக்குக் கேட்கும். மெஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரம் 192 அடியா? நமக்கு 193 என்கிறவர்கள் இருக்கிறார்கள்! உள்ளே போனால் சலவைக்கல்லில் காணிக்கை கொடுத்தவர்கள் பேர் வரிசை. லட்சம் மேலே, ஆயிரம் கீழே. ஆலயச் சுவரில் தராசைத் தொங்கவிட்டால், பையன் பக்கத்து இலையைப் பார்க்காமல் என்ன செய்வான்?

எங்கள் கோயில்பிள்ளை நாற்பது வருஷம் மணியடித்தவர். உள்ளங்கையில் கயிற்றுத் தடம் காய்த்துக் கிடக்கும். ஆலயக் கட்டடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் முழுசாகக் கொடுத்தார். கல்லில் பேர் இல்லை. இடம் போதவில்லையாம்! நான் சண்டைக்குக் கிளம்பினேன். அந்தக் காய்த்த கை என் கையைப் பிடித்தது.

"விடுல, மணி அஞ்சாகுது. நான் அடிக்கப் போகணும்."