மறுமுறையும் எழுதுவதா?

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வின் முடிவு வெளியானால் நம் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு அதே பேச்சுத்தான். இடம் கிடைத்த வீட்டில் கேசரி மணக்கிறது, கிடைக்காத வீட்டில், "அடுத்த ஆண்டும் எழுதட்டுமா?" என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நாம் கல்வியாளர் அல்லர். மெட்ரிகுலேஷனோடு இரயில்வே அலுவலகம் புகுந்தவர்கள். ஆயினும் விதிகளைப் படித்துக் கோப்பில் குறிப்பெழுதும் பழக்கம் நமக்குண்டு. அப்பழக்கம் இங்கே உதவும்.

சைனிக் பள்ளிகள் வி. கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 1961-இல் தோன்றியவை. நம் உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி நகர்ப் பள்ளி 1962-இல் எழுந்தது. 2021-இல் தனியார் பள்ளிகளும் இத்திட்டத்தில் கூட்டாளிகளாகச் சேர வழி திறக்கப்பட்டது. அவற்றுக்கும் இதே தேர்வுதான். கட்டணம் மட்டும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். பெண் குழந்தைகளும் எழுதலாம்.

மறுமுறை எழுத இடமுண்டா? நவோதயா பள்ளியின் ஆறாம் வகுப்புத் தேர்வில் இல்லை. அங்கே ஒரே வாய்ப்புத்தான். சைனிக் தேர்வில் வயதே எல்லை. ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கை ஆண்டின் மார்ச்சு 31 அன்று 10 முதல் 12 வயதுக்குள் இருத்தல் வேண்டும். பத்து நிரம்பிய கையோடு எழுதிய பிள்ளை மறுபடியும் எழுதலாம். பதினொன்றரையில் எழுதியவனுக்குக் கதவு சாத்தியாயிற்று. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: ஐந்தாம் வகுப்பில் எழுதியவன் மறுமுறை எழுதுகையில் ஆறாம் வகுப்பில் இருப்பான், வெற்றி பெற்றால் மீண்டும் ஆறிலேயே அமர வேண்டும். ஓராண்டுதானே என்று நாம் சொல்லிவிடுவோம். தன்னோடு படித்தவர்கள் ஏழாம் வகுப்புக்குப் போவதைப் பார்க்கப்போகிறவன் அவனல்லவா!

அடுத்து மதிப்பெண் பட்டியலை எடுங்கள். அநேகர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். மொத்தம் 300, அதில் கணக்கு மட்டும் 150. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றும் தலைக்கு 50. கணக்கில் ஒரு விடைக்கு 3 மதிப்பெண், ஏனையவற்றில் 2. ஒரு பிள்ளை மொழியில் 40, பொது அறிவில் 30, நுண்ணறிவில் 36, கணக்கில் 72 பெற்றதாக வைத்துக்கொள்வோம், கூட்டினால் 178. பொது அறிவு நூல்களை வாங்கிக் குவிப்பதால் இவனுக்குப் பெரும்பயன் இல்லை. இன்னும் பத்துக் கணக்குகள் சரியாயின் 208 ஆகும். ஓராண்டில் ஆகக்கூடியதுதான். எல்லாப் பாடத்திலும் சிறிது சிறிதாகக் குறைந்திருந்தால் நிலைமை வேறு. அங்கே மறுமுயற்சியை நாம் எளிதில் ஊக்குவிக்கமாட்டோம். 40 விழுக்காடு வந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்வோரும் உளர். அது தகுதிக்கு மட்டுமே, இடம் தரவரிசைப்படிதான்.

ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது காதுக்கு இனிய செய்தி. ஆயினும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் கணக்கைத் தமிழில் கற்றவர்கள் அல்லர். "பின்னம்" என்றால் விழிப்பார்கள். பள்ளியில் கற்ற மொழியிலேயே எழுதட்டும். தமிழை ஞாயிறு வகுப்பில் வளர்ப்போம்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு சிக்கல் உண்டு. பழைய சைனிக் பள்ளிகளில் 67 விழுக்காடு இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு, 33 விழுக்காடு ஏனையோருக்கு. எந்த மாநிலத்து இருப்பிடச் சான்றிதழ் நம் கையில் உள்ளதோ அதைப் பொறுத்தே பிள்ளை எந்த வரிசையில் நிற்பான் என்பது அமையும். மறுமுறை எழுதுமுன் எந்தப் பள்ளியைக் கேட்பது என்பதையும் மறுபடி ஆராய வேண்டும்.

எழுத வேண்டாமென்று முடிவு செய்தாலும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு நுழைவாயில் உண்டு. எட்டாம் வகுப்புத் தேறி 13 முதல் 15 வயதுக்குள் இருத்தல் வேண்டும். காலியிடம் இருந்தால்தான் சேர்க்கை. வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. அங்கும் 400-இல் பாதி கணக்குக்கே.

இத்தனையும் பார்த்தபின் பிள்ளையைக் கேளுங்கள். உறவினர் சூழ்ந்த கூடத்தில் கேட்டால், "சரி அப்பா" என்பான். மாலையில் அவனை மட்டும் அழைத்துச் சென்று, விடுதியில் தங்க மனமுண்டா, ஆறாம் வகுப்பை மறுபடி படிக்கச் சம்மதமா என்று கேளுங்கள். விடை அன்றே வராது. இரண்டொரு நாள் பொறுக்கலாம். பத்து வயதுப் பிள்ளையைப் பிரிந்திருக்கப்போகும் தாயையும் அதேபோலத் தனியே கேட்க வேண்டும். அவர் வாய்விட்டுச் சொல்வது குறைவு.

வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், விண்ணப்பத்தைப் பற்றி மறுபடி வீட்டில் பேச்செடுக்காதீர்கள். எழுதுகிறேன் என்றால் பின்னக் கணக்கிலிருந்து தொடங்கட்டும். மாலை ஆறு முதல் எட்டு வரை சங்க நூலக அறையைத் திறந்து வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார்; கணக்கு சொல்லித்தர நம்மில் இருவர் முன்வந்துள்ளோம். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் எம்மைக் காணலாம்.